காளிதாசன் மகளுக்குப் படித்துக்காட்டிய விதம்

காளிதாசன் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இந்த விஷயத்தில் நான் அவனுக்குச் சொன்ன புத்திமதிகளை ஒன்றாகச் சேர்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். ஒரு நாள் திட்டினேன். மறுநாள் நீ செய்ததுதான் சரி என்றேன். அதற்கடுத்த நாள், நேற்றும் முந்தாநாளும் சொன்னதை மறந்துவிடு என்றேன். பாவம், அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

என் பெயர் தேவகி. கோலா கெத்தில் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணியாக இருக்கிறேன். தோட்டங்களிலிருந்து பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை எடைமேடையில் நிறுத்தி, எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. பழம் அதிகமாக வரும் மாதங்களில் லோரி வரிசை கேட்டைத் தாண்டிச் சாலை வளைவு வரைக்கும் நிற்கும். இரண்டு மணி நேரம் ஆகும், சில நாள் மூன்று மணி நேரம்கூட ஆகும். ஓட்டுநர்கள் அதற்குள் ஒரு தூக்கம் போடுவார்கள், கைப்பேசியில் படம் பார்ப்பார்கள், முதலாளியைத் திட்டுவார்கள். காளிதாசன் மட்டும் மகளுக்குக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பான்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பள்ளிக்கூடம் போகிற வயது வந்தபோது தோட்டம் கைமாறியது, குடும்பம் செமிலிங் பக்கம் பிழைக்கப் போனது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது மலாய்ப் பள்ளி. “எந்த எழுத்தா இருந்தா என்ன, எழுத்து எழுத்துதான்” என்று அவன் அப்பா அங்கேயே சேர்த்துவிட்டார். படிவம் மூன்று வரை, ஒன்பது வருடம், படித்தான். அப்புறம் லோரியில் எடுபிடியாகப் போனவன் ஓட்டுநராகிவிட்டான். இப்போது பீடோங்கில் ஒரு சின்ன வீடு. மனைவி பிரேமாவதி சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் போகிறாள். அதிர்ந்து பேசாத மனிதன். எடையில் தகராறு வந்தால்கூட இரண்டு தரம் கேட்டுவிட்டு, சரிக்கா என்று போய்விடுவான்.

மகள் பெயர் லோஷினி. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா திடீரென்று ஜோகூருக்குக் குடிபோனபோது அவளுக்கு நாலரை வயது. அன்றிலிருந்து அவள் லோரியில் வர ஆரம்பித்தாள். குழந்தையை இங்கே கொண்டுவரக் கூடாது என்று நான் கத்தினேன். “வேற எங்கக்கா விடுறது?” என்று கேட்டான். கடைசியில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். லோரி கேட்டுக்குள் நுழைந்ததும் குழந்தை என் அறைக்கு வந்துவிட வேண்டும். அவன் பழத்தைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

புத்தகம் படிக்கும் கூத்து தொடங்கியதற்கு நானும் காரணம். ஒரு நாள் அவனுடைய கைப்பேசி வரிசையிலேயே செத்துப்போனது. லோஷினி அழுத அழுகை என் கண்ணாடி ஜன்னலைத் தாண்டிக் கேட்டது. என் மகன் லோகன் சின்ன வயதில் படித்த கதைப் புத்தகங்களை யாருக்காவது கொடுக்கலாம் என்று ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டு அறையில் வைத்திருந்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் நீட்டினேன். எல்லாம் மலாய்ப் புத்தகங்கள். லோகனை நானும் மலாய்ப் பள்ளியில்தான் சேர்த்தேன். காரணம் கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

மழைக்குப் பயந்த ஒரு வாத்தின் கதை அது. காளிதாசன் முதல் பக்கத்தை மலாயிலேயே சத்தமாகப் படித்தான். வீட்டில் தமிழைத் தவிர வேறெதையும் கேட்டிராத பிள்ளை சீட்டிலிருந்து வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது. உடனே அவன் மறுபடி முதல் பக்கத்துக்கே போனான். எழுத்துக்குக் கீழே விரலை வைத்தான். கண் மலாயைப் பார்த்தது, வாய் தமிழைச் சொன்னது. “ஒரு ஊர்ல ஒரு வாத்து இருந்துச்சு. அதுக்கு மழைன்னா ரொம்பப் பயம்.” பிள்ளை மெல்ல மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

நான் லோரி ஜன்னலருகே நின்று கேட்டுவிட்டு அசந்துபோனேன். படத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததை அளக்கவில்லை அவன். வரிக்கு வரி, உள்ளதை உள்ளபடி தமிழாக்கிச் சொன்னான். விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினான். சின்ன வயதில் அவனுடைய மலாய் டீச்சர் அப்படித்தான் விரல் வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாராம். வேறு மாதிரிப் படிக்க அவனுக்குத் தெரியாது.

அதன்பிறகு தினமும் புத்தகம்தான். பெட்டியில் இருபத்து மூன்று புத்தகங்கள் இருந்தன. எல்லாம் முடிந்து, முதலிலிருந்து ஆரம்பித்து, அதுவும் முடிந்தது. சில நாள் எடைமேடையில் லோரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக் கேட்பான்.

“அக்கா, பாயான்னு மலாய்ல போட்டிருக்கு. முதலை எல்லாம் கிடக்குமே, தண்ணியும் சேறுமா. தமிழ்ல என்னா அது?”

“சதுப்பு நிலம்.”

“அது புள்ளைக்குப் புரியாதுலா. சேத்துப் பள்ளம்னு சொல்லிக்கிறேன்.”

பின்னால் பதினான்கு லோரி நிற்கும். இவனுக்குச் சதுப்பு நிலம் வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இருபது வருடமாக எடை எழுதுகிறேன். அந்த ஜன்னலில் அதுவரை யாரும் என்னிடம் ஒரு சொல்லைக் கேட்டதில்லை.

இடையில் ஒரு தடவை நாலைந்து தமிழ்க் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அப்படியே திருப்பிக் கொடுத்தான். “புள்ளைக்குப் பிடிக்கலக்கா” என்றான். புத்தகங்களின் முனைகூட மடங்கவில்லை. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். என் புத்தி எடைமேடைக்கு மட்டும்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

இந்த ஜனவரியில் லோஷினியைத் தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் சேர்த்தார்கள். நம்ம புள்ளை தமிழ் படிக்கணும் என்று பிரேமாவதி பிடிவாதமாக இருந்தாள். காலையில் பள்ளி, மதியம் அப்பாவின் லோரி என்றானது. மூன்றாவது வாரம் அன்பரசி டீச்சர் காளிதாசனைக் கூப்பிட்டனுப்பினார். அங்கே நடந்ததை அவன் என் ஜன்னலில் நின்று சொன்னான். அதைத்தான் சொல்கிறேன்.

டீச்சர் சில அட்டைகளை மேசையில் அடுக்கினாராம். ஒவ்வொன்றிலும் ஒரு மலாய்ச் சொல் மட்டும் இருந்தது, படம் கிடையாது. தமிழ்ப்பள்ளியிலும் மலாய் ஒரு பாடம்; எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க வைத்திருப்பது. ‘ஈத்தெக்’ என்று எழுதிய அட்டையைக் காட்டினார். லோஷினி கொஞ்சமும் யோசிக்காமல் “வாத்து” என்றாள். ‘ஹூஜான்’ அட்டைக்கு “மழை” என்றாள். குடை, பூனை, பாலம், மீன் என்று அட்டை அட்டையாகத் தமிழிலேயே படித்தாள். முப்பது அட்டையில் இருபத்தாறு சரி. ஆனால் ஒன்றைக்கூட எழுதியிருந்தபடி படிக்கவில்லை.

“ஒரு எழுத்துகூடத் தனியா அவளுக்குத் தெரியலங்க” என்றாராம் டீச்சர். “முழுச் சொல்லைப் பார்த்தா மட்டும் அர்த்தம் சொல்றா. இது தமிழ்னு நெனச்சுக்கிட்டிருக்கா. இருபது வருஷமா பாலர் வகுப்பு எடுக்குறேன், இப்படி நான் பார்த்ததில்ல. வீட்ல என்ன சொல்லிக் குடுக்குறீங்க?”

அது மட்டுமில்லை. முந்தின நாள் டீச்சர் வகுப்பில் ஒரு மலாய்க் கதையைச் சத்தமாகப் படித்திருக்கிறார். பாதியில் லோஷினி எழுந்து நின்று, “டீச்சருக்குப் படிக்கத் தெரியல” என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அவள் விடவில்லை. முன்னால் போய், விரல் வைத்து, எப்படிப் படிக்க வேண்டும் என்று காட்டியிருக்கிறாள். இன்னும் பெரிதாகச் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் யாரோடும் பேசவில்லையாம்.

இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். காளிதாசன் சிரிக்கவில்லை.

“நேத்து லோரில ஏறுனதும் வாத்துப் புத்தகத்தை எடுத்து மடியில போட்டுச்சுக்கா. எப்படி எழுதியிருக்கோ அப்படியே படிங்கன்னுச்சு. மலாய்ல படிச்சேன். ரெண்டு காதையும் பொத்திக்கிச்சு. அப்புறம் கேக்குது, இவ்ளோ நாளா அப்பா பொய்யா படிச்சீங்களான்னு.”

“நீ என்ன சொன்ன?”

“பொய் இல்லம்மா, அர்த்தம் அதுதான்னு சொன்னேன். அர்த்தம்னா என்னான்னு கேக்குது. எனக்கே பெனிங்கா போச்சு.”

பெனிங் என்றால் தலைவலியும்தான், குழப்பமும்தான். இந்த ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம்.

அந்த நாளிலிருந்து லோஷினி கதைப் புத்தகத்தைத் தொடவில்லை. வரிசையில் கைப்பேசி பார்த்தாள், இல்லையென்றால் வெளியே பார்த்தாள். காளிதாசன் ஒரு புத்தகத்தைப் பிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என் அறைக்கு வரும்போதும் அந்தப் பிஸ்கட் பெட்டிப் பக்கம் போகமாட்டாள். ஒரு வருடத்துக்கு மேலாக அப்பாவின் கை இடுக்கில் உட்கார்ந்திருந்த பிள்ளை, சீட்டின் அந்தக் கடைசியில் கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

அவனுக்கு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அன்பரசி டீச்சர், இனிமேல் எழுதியிருப்பதை எழுதியபடி மட்டும் படியுங்கள் என்றார். பிரேமாவதி, “நீங்க படிச்சுக் கிழிச்சது போதும், இனி ஸ்கூல் பாத்துக்கும்” என்றாள். கேட்டில் காவல் இருக்கும் சுப்பிரமணியம் அண்ணன் ஒருபடி மேலே போய், “அதான் மலாய் எழுத்து பாதி தெரிஞ்சிருச்சே, பேசாம மலாய் ஸ்கூலுக்கு மாத்திடு” என்றார். மூன்று பேர் சொன்னதையும் தூக்கிக்கொண்டு அவன் என்னிடம் வந்தான். நானோ நாளுக்கொன்று சொன்னேன்.

கடைசியில் ஒரு நாள் நான் கேட்டேன், “ஏன்டா, ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து உள்ளபடி படிச்சிட்டா தீர்ந்துச்சு. எழுத்தும் தமிழ், பேச்சும் தமிழ். புள்ளை பழையபடி நம்பும். இதுக்கு ஏன் இவ்ளோ யோசனை?”

அவன் எடைச் சீட்டை நாலாக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

“தெரியாதுக்கா.”

“என்ன தெரியாது?”

“தமிழ் எழுத்து. ஒண்ணுகூடத் தெரியாது.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கோபம் அவன் மேலா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. இத்தனை வருடம் இந்த ஜன்னலில் அழகான தமிழில் பேசிவிட்டுப் போன மனிதன். சேத்துப் பள்ளம் என்று சொல்லத் தெரிந்தவன். அந்தச் சொல்லை எழுதிக் காட்டினால் அவனுக்கு அது வெறும் கோடு. இதே மாதிரிதான் என் லோகனும். பினாங்கிலிருந்து போன் போட்டு மணிக்கணக்கில் தமிழில் பேசுவான். நான் தமிழில் ஒரு வரி செய்தி அனுப்பினால், அம்மா குரல்ல அனுப்புங்க என்பான். காளிதாசனை அவன் அப்பா மலாய்ப் பள்ளியில் சேர்த்தார். லோகனை நான் சேர்த்தேன். யாரைத் திட்டுவது?

“முன்னமே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்று மட்டும் சொன்னேன்.

“ஸ்கூல் புத்தகத்தைக் குடுத்து, அப்ப இதைப் படிங்கன்னு போன வாரம் கேட்டுச்சுக்கா. கண்ணு வலிக்குதுன்னு சொல்லிட்டேன். அதையும் பொய்னு கண்டுபிடிச்சிருச்சு. இப்ப எழுத்தே தெரியாதுன்னும் சொன்னா, அப்புறம் நான் எதைப் படிச்சாலும் அது நம்புமா? எப்பவுமே நம்பாதுலா.”

இதுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. பிள்ளை மலாய் படிக்கிறதா தமிழ் படிக்கிறதா என்பதெல்லாம் எங்கள் கவலை. தன் பக்கத்தில் உட்கார்ந்து இனி ஒரு புத்தகத்தைத் திறக்குமா என்பதுதான் அவனுடைய கவலை. அன்றைக்கு மட்டும் நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. சொல்ல இருந்தால்தானே.

ஆனால் அவனே சொல்லிவிட்டான். எப்படித் துணிந்தானோ தெரியாது. இரண்டு நாள் கழித்து, பழத்தைக் கொட்டிவிட்டு, லோஷினியை ஏற்றிக்கொள்ள என் அறைக்கு வந்தவன் வாசலிலேயே குந்தினான். உடம்பெல்லாம் செம்பனை எண்ணெய் வாடை. அவள் தரையில் உட்கார்ந்து பழைய எடைச் சீட்டுகளின் பின்னால் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

“லோஷி, அப்பாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாதும்மா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

“‘அ’ கூடவா?”

“அதுவும் தெரியாது.”

“அப்பா ஸ்கூல் போகலையா?”

“போனேன். மலாய் ஸ்கூல். அங்க சொல்லித் தரல. அதான் மலாய்ப் புத்தகத்தை வச்சு உனக்குத் தமிழ்ல சொன்னேன். உனக்கு மலாய் புரியாதுல்ல, அதான். பொய் சொல்லணும்னு செய்யலம்மா.”

அவள் நெற்றியைச் சுருக்கினாள். பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை. அவளுக்கு அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பென்சிலை என் மேசையில் வைத்துவிட்டு லோரியில் ஏறிக்கொண்டாள். காளிதாசன் என்னைப் பார்த்தான். நான் அடுத்த லோரியின் எண்ணைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் கதவோரம், அவன் ஸ்டேரிங் ஓரம். சொன்னதே தப்போ என்று அவன் கேட்டான். இருக்கலாம் என்றேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றான். அதுவும் தப்பாகத்தான் இருந்திருக்கும் என்றேன். இப்படி ஒரு கிராணியிடம் யோசனை கேட்கும் மனிதனை என்ன சொல்வது.

ஏப்ரல் கடைசியில் ஒரு மதியம் ஆலையில் இயந்திரம் பழுதாகி வரிசை அப்படியே நின்றுவிட்டது. ஓட்டுநர்களுக்கு விஷயத்தைச் சொல்ல நான் குடையைப் பிடித்துக்கொண்டு சாலையோரமாக நடந்தேன். காளிதாசனின் லோரி பதினோராவதாக நின்றது. உள்ளே ஒரு சின்னக் குரல் கேட்டது. ஏறிப் பார்த்தேன்.

லோஷினி கதவோரத்தில் இல்லை. அப்பாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பாலர் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். ஒரு சொல்லுக்குக் கீழே விரலை வைத்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது, ம, ர, ம் என்று. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சத்தமாக, “போக்கோக்” என்றாள். அடுத்த சொல்லுக்கு விரல் நகர்ந்தது. ப, ழ, ம். மறுபடி யோசனை. “புவா.”

“ஏன் லோஷினி, மரம், பழம்னுதானே போட்டிருக்கு?” என்றேன்.

“ஆமா ஆன்ட்டி.”

“அப்புறம் ஏன் ஸ்கூல்ல கத்துக்கிட்ட மலாய்ல சொல்ற?”

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். “அப்பா மலாய் ஸ்கூல்தானே. தமிழ்ல படிச்சா அப்பாவுக்குப் புரியாதுல.”

காளிதாசன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. இரண்டு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது.

“அக்கா,” என்றான் மெல்ல, “இதுவும் தப்புத்தானே?”

“தப்புத்தான்.”

“திருத்தணுமா?”

“நாளைக்குத் திருத்திக்கலாம்.”

“அப்பா, பேசாதீங்க” என்றாள் லோஷினி. “இன்னும் ஒரு பக்கம் இருக்கு.”

அவன் குனிந்து அவள் விரல் இருந்த இடத்தைப் பார்த்தான். பழுதைச் சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது, முன்னால் நின்ற லோரி அதற்குள் நகர்ந்துவிட்டது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான். ஒரு தரம், இரண்டு தரம். இருபது வருடமாக வரிசை நிற்கக் கூடாது என்று எல்லாரையும் விரட்டுகிற நான், படியில் தொங்கியபடி பின்னால் திரும்பிக் கத்தினேன்.

“பொறுலா, புள்ளை படிக்குது.”